அளவு நாடாவின் மற்ற நுனி

நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்க ஆள் இல்லாமல் போனதால்தான் நான் அவுஸ்திரேலியாவின் நாட்டுப்புறத்தைப் பார்த்தேன். இல்லாவிட்டால் பிளாக்டவுன் வாடகை வீட்டில், குசினி யன்னலால் ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். சிட்னிக்கு வந்தது என் மகள் ரஞ்சியின் பிள்ளைப்பேற்றைப் பார்க்க. மூத்தவனின் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், அதனால் பேரப்பிள்ளை எனக்குப் புதிதல்ல. வெளிநாடுதான் புதிது. எனக்கு எழுத்து வாசிப்புக் கிடையாது. நான் சொல்லச் சொல்ல ரஞ்சி எழுதுகிறாள்.

மருமகன் யோகன் கொழும்பில் கட்டடங்களுக்குப் படம் கீறியவர். இங்கே வந்ததும் அந்தப் படிப்புச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். பிறகு ஒரு கந்தோர், அலுவலகம்தான், அவரைத் தற்காலிகமாக எடுத்தது. தெற்கே ஒரு ஷயர். ஷயர் என்றால் எங்கள் கிராமச் சங்கம் மாதிரி, ஆனால் ஆளை விட ஆடு அதிகம். அங்கே இருக்கிற பழைய கட்டடங்களை எல்லாம் பதிவில் வைப்பதற்காகப் பார்த்து, அளந்து, படம் கீறிக் கொண்டு வரவேண்டும். நல்லபடி முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் திரும்பவும் பிஸ்கட். கூட வரவிருந்த மனிதர் கால் முறிந்து படுத்துவிட்டார்.

"மாமி, நீங்கள் ஒரு நுனியைப் பிடிச்சால் காணும். அசையாமல் நிக்கவேணும்" என்றார் யோகன்.

"அசையாமல் நிப்பன் தம்பி. ஆனால் வாய் அசையும்."

"வாய் அசைஞ்சால் அளவு பிழைக்காது மாமி."

வயிற்றில் ஏழு மாதத்தோடு ரஞ்சியைத் தனியே விட எனக்கு மனமில்லை. அவள் இல்லாமல் எனக்கு இங்கிலீசும் இல்லை. ஆக மூன்று பேரும், நான் கட்டிய பிட்டும், ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாயும் ஒரு பழைய காரில் ஏறினோம்.

எனக்கு மனதில் ஒரு பயம் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்காரன் அந்த நேரத்தில் வீடு கட்டவும் கூடாது, உடைக்கவும் கூடாது. எங்கள் பக்கத்தில் சுவரில் ஆணி அடிக்கக்கூட விடமாட்டோம். அளப்பது கூடுமா கூடாதா என்று யாருமே எனக்குச் சொல்லித் தரவில்லை. யாழ்ப்பாணத்தில் எந்த மனிதன் சும்மா வீட்டை அளந்தான்?

வழியில் கார் கொதித்தது. முன்னால் புகை எழும்ப நான் இரண்டு கையையும் கூப்பி அமர்ந்திருந்தேன். ஆடு ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி, லொறியில் தொங்கிய கான்வஸ் பையிலிருந்து தண்ணீர் ஊற்றினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். யோகன் சொன்னார். அந்த மனிதர் சிரித்துவிட்டுச் சொன்னதை ரஞ்சி எனக்குத் தமிழில் சொன்னாள்: "பழைய வீட்டை ஏன் அளக்கிறியள்? உடைக்கிறதுக்கு அளவு தேவையில்லையே."

அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தண்ணீர் தந்தவரை என்ன சொல்வது. ஒரு உருண்டைப் பிட்டுக் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு முழுவதையும் தின்றார்.

அந்தச் சின்னப் பட்டணத்தில் முதல் இரண்டு நாளும் பெரிய கட்டடங்கள். கல்லால் கட்டிய கோடு, அதாவது நீதிமன்றம், பூட்டிக் கிடந்த வங்கி, ஒரு தேவாலயம். கோட்டின் மூலையில் நான் நாடா நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க, யோகன் மற்றப் பக்கத்தில் போய்க் கத்துவார், ரஞ்சி கார்க் கதவில் சாய்ந்துகொண்டு எழுதுவாள். எனக்குப் பெரிய சந்தோசம். எங்கள் ஊர்க் கோட்டுப் படியில்கூட நான் கால் வைத்ததில்லை. இங்கே நீதவான் இருக்கிற கதிரைக்குப் பின்னால் நின்று சுவரைத் தொட்டேன். கோட்டுக்குப் பின்னால் பலகையால் அடித்த ஒரு பழைய கக்கூஸ். அதையும் அளக்க வேண்டுமாம்.

"தம்பி, இதுக்குமோ படம்?"

"நூறு வருசப் பழசு மாமி."

"வாசமும் அவ்வளவு பழசுதான்."

மத்தியானம் பாண் கடையில் சான்ட்விச் வாங்கினோம். திறந்து பார்த்தால் உள்ளே பீற்றூட்! பாண் எல்லாம் கல்யாண வீட்டுச் சீலை மாதிரி சிவந்து கிடந்தது. இந்த ஊரில் எதற்குள்ளும் பீற்றூட் வைக்கிறார்கள். நான் கொஞ்சம் ஊறுகாய் தடவிச் சாப்பிட்டேன், நல்லாகவே இருந்தது. கடையில் நின்ற இரண்டு பெண்கள் என் சீலையைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். என்னவாம் என்று கேட்டேன்.

"ஒராள், நீங்கள் கன்னியாஸ்திரியோ எண்டு கேக்கிறா. மற்றவ, இல்லை, இவ்வளவு சந்தோசமாய்ச் சாப்பிடுறா, கன்னியாஸ்திரி இல்லை எண்டிறா" என்றாள் ரஞ்சி.

மூன்றாம் நாள் பட்டணத்துக்கு வெளியே ஒரு பண்ணை வீடு. யோகனின் கந்தோரில் எல்லோரும் அதையே சொல்லியிருந்தார்களாம். அந்த வீட்டின் படம் நன்றாக வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று. அவருடைய வேலை அந்த வீட்டில்தான் தொங்கியது. வழி முழுக்கப் படலை, வேலிக்கு வேலி ஒரு கதவு. ஒவ்வொரு படலையிலும் நான்தான் இறங்கித் திறக்க வேண்டும், கார் போனதும் மூட வேண்டும். "எப்பிடிக் கண்டியளோ அப்பிடியே விடுங்கோ மாமி. அது இஞ்சத்தைச் சட்டம்" என்றார் யோகன்.

வீடு கல் வீடு. நாலு பக்கமும் விறாந்தை, தகரக் கூரை. பின்னால் தனியாகச் சமையல் கட்டு, அதில் ஒரு புகைக்கூடு, கோயில் தேர் மாதிரி உயரமாக, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அடுப்புக்குள்ளே ஒரு கன்றுக்குட்டி நின்று திரும்பலாம். கதவைத் திறந்தவர் ஒரு வயதான பெண். பஞ்சு மாதிரித் தலைமயிர், காலில் ஆம்பிளைச் சப்பாத்து. பெயர் எடித். கல்யாணம் கட்டவில்லை, தனியாக இருக்கிறார்.

யோகன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வீட்டை அளக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். "அளந்துகொள்ளுங்கோ. இவ்வளவு காலத்தில என்னை ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்லை" என்றார் எடித்.

அந்த வீட்டில் இரண்டு நாள் அளந்தோம். நான் மூலைக்கு மூலை நின்றேன். எடித் எனக்குப் பக்கத்தில் நின்று இங்கிலீசில் கதைப்பார், நான் தமிழில் கதைப்பேன். ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது, ஆனால் நிறுத்தவும் மாட்டோம். அவர் தரும் தேத்தண்ணியோடு இனிப்பில்லாத ஒரு பணிஸ் வரும், அதில் ஜாமும் ஆடையும். நான் ஊறுகாய்ப் போத்தலை நீட்டினேன். நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்ணீர் வர இருமினார், பிறகு இன்னொரு துண்டு எடுத்தார்.

இரண்டாம் நாள் பின்னேரம் விறாந்தையில் இருந்தபோது எடித் புகைக்கூட்டைக் காட்டி ஏதோ சொன்னார். ரஞ்சியின் முகம் மாறியது.

"என்னடி?"

"ஆட்டு மயிர் வெட்டி முடியவும் இந்த வீட்டை இடிக்கப் போயினமாம் அம்மா. புகைக்கூடு விழுந்திடும் எண்டு இவவின்ர தம்பி சொல்லுறாராம். இவ பட்டணத்தில ஒரு அறை எடுத்துப் போகப்போறாவாம்."

"தம்பியார் ஆர் இவவின்ர வீட்டை இடிக்க?"

ரஞ்சி கேட்டாள். எடித் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை. வீடு தம்பியுடையது. தம்பியின் பெயர் ஃபிராங்க். தகப்பன் அவருக்குத்தான் எழுதினார்.

"அப்ப கேள் பிள்ளை, தகப்பன் இவவுக்கு எந்த வீட்டைக் குடுத்தவர்?"

"எனக்கு அப்பா ஒரு பியானோ தந்தவர்" என்றார் எடித்.

ஒரு மனிதன் பெட்டைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டைப் பெடியனுக்குக் கொடுப்பானா? பெடியனுக்கு வீடு எதற்கு? எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனம். மருமகன்தான் பெட்டியோடு வந்து இருப்பார்.

யோகன் படியில் போய் இருந்துவிட்டார். அவருடைய முகம் வெளிறிக் கிடந்தது.

"நான் ஏன் அவவைக் கேட்டனான்?" என்றார்.

"வேற ஆரைக் கேக்கிறது? வீட்டில பொம்பிளைதானே இருந்தது" என்றாள் ரஞ்சி.

"காணிக்காரனையெல்லோ கேக்கவேணும். இஞ்ச அப்பிடித்தான். எனக்கு அது ஓடவே இல்லை ரஞ்சி. உங்கட வீட்டில இருக்கேக்க ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் மாமியையும் உம்மையும் கேட்டுத்தானே அடிச்சனான். அதே பழக்கத்தில கேட்டுட்டன்."

அது உண்மை. கல்யாணம் முடித்து எங்கள் வீட்டில் இருந்த காலத்தில், சட்டை கொழுவ ஒரு ஆணிக்கு என்னிடம் வந்து நின்றவர் அவர். நான் வேண்டாம் என்றேன், சுவர் வெடிக்கும் என்று. கதிரையில்தான் சட்டை தொங்கியது.

"அப்ப பேசாமல் முடிச்சுக்கொண்டு போவமே" என்று ரஞ்சி மெதுவாகச் சொன்னாள்.

"காணிக்காரன் விடாமல் உள்ளுக்குப் போய் அளந்தது எண்டு தெரிஞ்சால் கந்தோர் என்னை வைச்சிருக்காது. நாளைக்குப் போய் அந்த ஆளைக் கேப்பம்."

ஃபிராங்க் ஒருவரையும் உள்ளே விடாத ஆள் என்று எடித் சொன்னார். போன மாதம் ஷயரிலிருந்து வந்த ஒருவரை நாயை விட்டுக் கலைத்தாராம். நாயைக் கண்டால் நான் தெருவின் மற்றக் கரைக்குப் போகிறவள். இப்போது எனக்கு இரண்டு பயம். மருமகனின் வேலை போகுமோ என்பது ஒன்று. மற்றது, வயிற்றில் பிள்ளை இருக்க அவர் கை வைத்து அளந்த வீடு இடிபடப் போகிறதே என்பது. அன்றைக்கு மோட்டலில் சாப்பாடு இறங்கவில்லை. ஆட்டிறைச்சி வாசம் யன்னல் திரைச்சீலையிலும் இருந்தது.

அடுத்த நாள் காலையில், எடித் வீட்டில் விட்டுவந்த ஏணியை எடுத்துக்கொண்டு நேரே ஃபிராங்கிடம் போவது என்று புறப்பட்டோம். கடைசிப் படலை ஆவென்று திறந்து கிடந்தது. முன் இரண்டு நாளும் மூடி இருந்தது. கார் போனதும் நான் இழுத்து மூடிக் கொக்கியைப் போட்டேன். சட்டத்தை மறந்துவிட்டேன். படலை திறந்து கிடக்க விட்டுவிட்டுப் போக எந்த யாழ்ப்பாணத்துக்காரியால் முடியும்? ஆடு மாடு வளவுக்குள் வந்து மரவள்ளியைத் தின்றுவிடுமே.

ஏணியைக் கார் மேல் கட்டிக்கொண்டிருக்கும்போது தூசி கிளப்பிக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றது. கட்டைக் காற்சட்டை, முழங்கால் வரை இழுத்த மேசு, பெரிய தொப்பி. பின்னால் நாய். இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார்.

"கடைசிப் படலையை மூடினது ஆர் எண்டு கேக்கிறார். ஆடெல்லாம் தண்ணிக்குப் போகேலாமல் அங்கால நிண்டு கத்துதாம்" என்றாள் ரஞ்சி.

நான் முன்னால் போய் நின்றேன். "நான்தான் மூடினனான் எண்டு சொல்லு. ஆடு வெளியால போகாமல் மூடினனான்."

ஃபிராங்க் என்னை உச்சி முதல் செருப்பு வரை பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். "நீங்கள் ஆர்? உங்களை ஆர் உள்ளுக்கு விட்டது?"

"நான் விட்டனான்" என்றார் எடித் விறாந்தையிலிருந்து.

"உன்ர வீடோ, விட?"

நாய் வாலை மடக்கிக்கொண்டு இருந்தது. எடித் கீழே தன் சப்பாத்தைப் பார்த்தார். யோகன் காருக்குள் இருந்து படத்தாள்களை எடுத்து வந்து ஃபிராங்கின் கையில் கொடுத்தார்.

"பிழை என்ர. உங்களைத்தான் கேட்டிருக்கவேணும். உங்களிட்டத்தான் இப்ப வர இருந்தனாங்கள். வேண்டாமெண்டால் இதைக் கிழிச்சுப் போடுங்கோ" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை மூலையில் நான் நின்ற நிலை எல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. இப்படியான நேரத்தில் எனக்குக் கைகால் சும்மா இருக்காது. உள்ளே போனேன். எடித்தின் அடுப்பில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. சீனியை அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து ஃபிராங்கின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ரஞ்சி, சொல்லு. அக்கா வீட்டுக்கு வந்த தம்பி முற்றத்தில நிண்டு சண்டை பிடிச்சுப்போட்டு வெறும் வாயோட போகக்கூடாது. கதிரையில இருக்கட்டாம்."

"அம்மா, இப்ப இது தேவையோ?"

"சொல்லடி."

சொன்னாள். "அக்கா வீடோ" என்றார் ஃபிராங்க், எடித்திடம் அல்ல, தேத்தண்ணியிடம். ஒரு கையில் சுடு கோப்பை, மற்றக் கையில் தாள்கள். நின்றுகொண்டு இரண்டையும் வைத்திருக்க முடியாது. இருந்தார்.

ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். இனிப்புக் கூடிவிட்டது போல. பிறகு மடியில் தாளை விரித்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கிழிக்கப் போகிறார் என்று நான் நாடாவை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.

"இது பிழை. பால் வைக்கிற அறை இஞ்ச இருந்ததில்லை" என்றார்.

"அங்கதான்" என்றார் எடித்.

"இல்லை, சமையல் கட்டுக்கு அங்கால."

"நீ அப்ப தொட்டிலில கிடந்தனீ. உனக்கென்ன தெரியும்?"

"வா, காட்டுறன்!"

இருவரும் எழும்பிப் பின்பக்கம் போனார்கள். நாங்களும் போனோம், நாயும் வந்தது. கொட்டகைக்குப் பின்னால், புல்லை விலக்கி, அரைவட்டமாகக் கிடந்த செங்கல்லை ஃபிராங்க் காலால் தட்டினார். பாலறையைத் தேடப் போய் அகப்பட்டது அவர்களுடைய தாய் பாண் சுட்ட போறணை. யோகனும் கவனிக்கவில்லை, எடித்தும் மறந்துவிட்டார். "இதை விட்டிட்டு என்ன படம்? இதையும் போடு" என்று யோகனிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். நாடாவின் நுனியைத்தான் கேட்கிறார் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கொடுத்தேன். மற்ற நுனியை எடித் பிடித்தார்.

நான் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். அக்காவும் தம்பியும் முழு வளவையும் சுற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு அளந்தார்கள். புகைக்கூட்டடியில் வந்ததும் ஃபிராங்க் நிமிர்ந்து பார்த்து, "இது விழும்" என்றார்.

"நீ விழுத்தினால் விழும்" என்றார் எடித்.

போகும் நேரம் யோகன் மெல்லச் சம்மதக் கையெழுத்துக் கேட்டார். ஃபிராங்க் கார் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: "படம் கீறலாம் எண்டுதான் போட்டனான். இடிக்கமாட்டன் எண்டு போடேல்லை."

மருமகனின் வேலை தப்பியது. என் மற்றப் பயம் அப்படியே இருந்தது.

எடித் படலை வரை கூட வந்தார். அங்கே நின்று ரஞ்சியிடம் கேட்டார், உங்கள் நாட்டில் உண்மையாகவே பெட்டைகளுக்கா வீடு கொடுக்கிறார்கள் என்று. ஓம் என்று தலையாட்டினேன்.

"அப்ப பெடியங்கள் எங்க இருக்கிறது?"

"கலியாணம் கட்டிப் பெண்சாதியின்ர வீட்டில போய் இருப்பாங்கள்."

எடித் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதே சிரிப்போடு, ஆடுகளைத் தண்ணிக்குக் கலைத்துக்கொண்டு நின்ற ஃபிராங்கிடம் கத்திச் சொன்னார். ஃபிராங்க் திரும்பாமலே ஏதோ சொன்னார். எடித்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"இவ்வளவு காலமாய்த் தான் இருக்கிறது ஆரின்ர வீடெண்டு நினைச்சனீ எண்டு கேக்கிறார். அது அவரின்ர மாமனாரின்ர வீடாம்" என்றாள் ரஞ்சி.

அந்தப் படலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன். கை அரித்தது, ஆனால் விட்டேன்.

யோகனின் படங்களைக் கந்தோர் ஏற்றுக்கொண்டது, அவரையும் வைத்துக்கொண்டது. ரஞ்சிக்குப் பெட்டைப்பிள்ளை. ஆட்டு மயிர் வெட்டும் காலம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்ல வேண்டும் என்று சாட்டுச் சொல்லி எடித்துக்குப் போன் போடச் சொன்னேன். அடித்துக்கொண்டே இருந்தது. வீடு இருந்தால்தானே போன் இருக்கும் என்று நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். எடித்தான் எடுத்தார். எனக்குக் கேட்கட்டும் என்று ரஞ்சி போனை என் காதிலும் சேர்த்துப் பிடித்தாள். எடித்தின் குரலுக்குப் பின்னால் டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம்.

"கேள், என்ன சத்தம்? இடிக்கிறாரோ?"

ரஞ்சி கேட்டாள். காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"ஃபிராங்க் புகைக்கூட்டில நிக்கிறாராம் அம்மா. கல்லு மாத்தி வைக்கிறாராம். தன்னைக் கேட்டுப்போட்டுத்தான் ஏறினவர் எண்டு எடித் சொல்லச் சொல்லுறா."